பெயருக்குப் பின்னால் ஒரு கோடு

"என் சித்தப்பா அட்டை அடிக்கிறவர்" என்று வெளியூர் நண்பர்களிடம் சொன்னால், புத்தகத்துக்கு அட்டை போடுபவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் விளக்க வேண்டிய தேவை இல்லை. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் தடித்த காகித அட்டைகள் நூலால் கோர்க்கப்பட்டு மாலைபோலத் தொங்கும். நெசவாளி மிதிக்கட்டையை ஒருமுறை மிதித்தால் ஓர் அட்டை பெட்டியில் இருக்கும் ஊசிகளில் போய் மோதும். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி அதற்குள் நுழைந்துகொள்ளும். அதனோடு சேர்ந்த ஹூக் தன் இடத்தில் நிற்கும். மேலே போகிற கத்தி அதைத் தூக்கிக்கொண்டு போகும். அதில் கட்டியிருக்கும் பாவு நூல் எழும்பும். ஓட்டை இல்லையென்றால் ஊசி பின்னால் தள்ளப்பட்டு ஹூக் விலகிவிடும், நூல் கீழேயே கிடக்கும். அவ்வளவுதான். மாங்காய், அன்னம், கோபுரம், ருத்ராட்சம் எல்லாம் இந்த 'எழும்பு', 'கிட' என்ற இரண்டு சொல்லிலிருந்து வருகிறவை.

அந்த ஓட்டைகளைப் போடுவதுதான் சித்தப்பாவின் வேலை. கிராஃப் தாளில் வரைந்த டிசைனை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு ஸ்கேலை வரி வரியாக இறக்கி, கட்டங்களை எண்ணி எண்ணி அட்டையில் குத்துவார். வேலையில் பாதி எண்ணுவதுதான். ஐம்பது வயசுக்கு மேல் கண் ஒத்துழைக்கவில்லை. 2009-ல் நான் பொறியியல் மூன்றாம் வருஷம். சி மொழி கொஞ்சம் தெரியும், அதைவிடத் தலைக்கனம் நிறையத் தெரியும். "எண்றத நான் பாத்துக்கறேன் சித்தப்பா" என்று சொல்லி இருநூறு வரியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். தபாலில் இலவசமாக வந்த உபுண்டு சிடியை அவர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் போட்டேன். டிசைனைக் கருப்பு வெள்ளைப் படமாக, உள்ளே வெறும் பூஜ்யமும் ஒன்றுமாக இருக்கும் கோப்பாகச் சேமித்துக் கொடுத்தால், ஒவ்வோர் அட்டைக்கும் எங்கே ஓட்டை, எங்கே இல்லை என்று எட்டு எட்டாகப் பிரித்து அச்சடித்துத் தரும். சித்தப்பா அதைப் பார்த்துக் குத்திக்கொண்டே போகலாம்.

புரோகிராமுக்கு இரண்டு ஆப்ஷன் வைத்தேன். ஒன்று எத்தனை ஹூக் என்பது. இன்னொன்று '-எம்'. எம் என்றால் மேல்முகம். இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரச்சினை இங்கேதான் வந்தது. சில தறிகளில் சேலையின் நல்ல முகம் கீழே பார்த்தபடி நெய்வார்கள். பூ இருக்கும் இடத்து நூல்கள் மட்டும் எழும்பினால் போதும், மிதிக்கிற காலுக்குப் பாரம் குறைவு. ஜரிகை அந்த நூல்களுக்கு அடியில் போய்க் கீழ்ப்பக்கத்தில் பூவாகத் தெரியும். நல்ல முகம் மேலே பார்க்க நெய்தால் நேர்மாறு: பூவைத் தவிர மற்றதெல்லாம் எழும்ப வேண்டும். ஆக, ஒரே பூவுக்கு இரண்டு வித அட்டை. ஒன்றில் ஓட்டை இருக்கும் இடத்தில் மற்றதில் ஓட்டை இருக்காது. '-எம்' போட்டால் மாற்றித் தரும். போடாவிட்டால் கீழ்முகம் என்று வைத்துக்கொள்ளும்.

ஆவணி மாசம், கல்யாண ஆர்டர். பக்கத்துத் தெருத் தறி ஒன்றுக்கு அன்னப்பட்சி கரை. மேல்முகமாக நெய்கிற தறி. சித்தப்பா மகன்தான் கம்ப்யூட்டரில் தட்டினான். புரோகிராமின் பெயர், கோப்பின் பெயர், அதன் பிறகு '-எம்'. நான் எழுதியிருந்த வரிசை வேறு: ஆப்ஷன் முதலில், கோப்பு பின்னால். அவன் அப்படித் தட்டவில்லை. ஏன் தட்ட வேண்டும்? "இந்தப் படத்தை எடு, மேல்முகமாப் போடு" என்றுதானே நாம் பேசுகிறோம். புரோகிராம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் பக்கம் பக்கமாக அச்சடித்துக் கொடுத்தது. சித்தப்பா நாலு நாள் உட்கார்ந்து நானூறுக்குக் கொஞ்சம் குறைவான அட்டைகளை அடித்தார். சித்தி கோர்த்துக் கொடுத்தாள். தறியில் ஏற்றினார்கள்.

இரண்டு விரல்கடை நெய்ததும் நெசவாளி வாசலில் வந்து நின்றார். "இன்னாண்ணா, பூ இருக்கற எடத்துல வெறும் பட்டு நிக்குது, வெறும் எடத்துல ஜரிகை ஓடுது."

நெய்ததைப் பிரிக்க ஒரு நாள், புது அட்டைக்கு ஐந்து நாள். ஆறு நாள் தறி நின்றது. சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நின்ற நாளுக்குக் கூலி கிடையாது. சித்தப்பா தன் கையிலிருந்து அவருக்குப் பணம் கொடுத்தார், எவ்வளவு என்று என்னிடம் சொல்லவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. ஒன்றுதான் கேட்டார்: "உன் மிஷின் நாம சொன்னத கேட்டுக்கினு தலை ஆட்டிச்சா, கேக்காமயே தலை ஆட்டிச்சா?"

கேட்காமலே ஆட்டியது. ஏன் என்று தெரிந்துகொள்ளப் போன இடத்தில்தான் இந்தக் கதையெல்லாம் கிடைத்தது.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். சி புரோகிராம் ஓடத் தொடங்கும்போது மெயின் என்ற செயற்கூறுக்கு இரண்டு விஷயம் வந்து சேரும். ஆர்க்சி என்பது எத்தனை சொற்கள் என்ற எண்ணிக்கை. ஆர்க்வி என்பது அந்தச் சொற்களின் வரிசை. பூஜ்யமாவது இடத்தில் புரோகிராமின் பெயரே இருக்கும். அடுத்ததிலிருந்து நாம் தட்டியவை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போ, முதல் எழுத்து '-' என்றால் அது ஆப்ஷன், இல்லையென்றால் நின்றுவிடு, நின்ற இடத்தில் இருப்பது கோப்பு. இதுதான் என் லூப். கோப்பின் பெயர் முதலிலேயே வந்துவிட்டதால் லூப் அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த '-எம்' வரிசையில் பத்திரமாக இருந்தது, யாரும் அதைத் தொடவில்லை.

இந்த லூப்பை நான் கண்டுபிடிக்கவில்லை. கெர்னிகனும் ரிட்சியும் 1978-ல் எழுதிய சி மொழிப் புத்தகத்தின் ஐந்தாவது அத்தியாயத்திலிருந்து எடுத்தது. ஒரு கோப்பில் குறிப்பிட்ட சொல் இருக்கும் வரிகளைத் தேடித் தருகிற குட்டி புரோகிராம் அதில் இருக்கிறது. அதற்கு இரண்டு ஆப்ஷன்: '-எக்ஸ்' போட்டால் சொல் இல்லாத வரிகளைத் தரும், '-என்' போட்டால் வரி எண்ணையும் சேர்த்துத் தரும். நட்சத்திரக் குறிகளும் கூட்டல் குறிகளும் அடைப்புகளுமாக நெருக்கிக் கட்டிய அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளப் பொறியியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்திருக்கிறார்கள். நானும்தான். புரிந்ததும் வந்த சந்தோஷத்தில் அந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்குக் கீழே சாதாரணமாக, எந்தக் கவர்ச்சியும் இல்லாமல் இன்னொரு வரி இருக்கிறது: ஆப்ஷனெல்லாம் போக மிச்சம் சரியாக ஒரே ஒரு சொல் இல்லையென்றால், எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிவிட்டு வேலை செய்யாதே. அதை நான் விட்டுவிட்டேன். அது இருந்திருந்தால் பக்கத்துத் தெருத் தறி நின்றிருக்காது.

இனி அட்டைக்கு வருவோம். இந்தக் கோட்டின் கதை அட்டையிலிருந்தே தொடங்குகிறது.

ஜக்கார்டு வருவதற்கு முன்னால் காஞ்சிபுரத்தில் 'அடை' இருந்தது. எந்தெந்த நூல் எப்போது எழும்ப வேண்டும் என்பதை நூலாலேயே கட்டிவைத்து, நெசவாளிக்குப் பக்கத்தில் ஓர் ஆள், பெரும்பாலும் ஒரு சின்னப் பையன், வரிசையாக இழுத்துக் கொடுப்பான். டிசைன் கட்டிய நூலிலும் இருந்தது, இழுக்கிறவன் தலையிலும் இருந்தது. எங்கள் தாத்தா சின்ன வயசில் அப்படி இழுத்தவர். பிரான்ஸில் லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளிலும் இதே பையன் உண்டு. அவனுடைய வேலையைக் காகிதத்தில் எழுதிவைக்கத்தான் ஒரு நூற்றாண்டு முயற்சி நடந்தது. 1725-ல் பாஸில் பூஷோன் ஓட்டை போட்ட காகிதச் சுருளைத் தறியில் மாட்டினார். மூன்று வருஷத்தில் ஃபால்கோன் அதைத் தனித்தனி அட்டைகளாக்கிக் கோர்த்தார். வோகான்சோன் தன் பங்குக்கு ஒரு தானியங்கித் தறி செய்தார். இவற்றையெல்லாம் சேர்த்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் செய்ததுதான் இன்று பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் உட்கார்ந்திருக்கும் பெட்டியின் மூதாதை. ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த படம் ஒன்று உண்டு. அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் ஆயின. சார்லஸ் பாபேஜ் அதில் ஒரு பிரதி வைத்திருந்தார், வருகிறவர்களுக்குக் காட்டுவார்.

அட்டை, தறியை விட்டுக் கணக்கு வேலைக்குப் போனது. 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹோலரித் அட்டையில் ஓட்டை போட்டு எண்ணினார். 1928-ல் ஐபிஎம்மின் 80 பத்தி அட்டை வந்தது. 1963-ல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்தபோது அங்கே மாணவர்கள் புரோகிராம் படித்தது அட்டையில்தான். நாட்டில் பெரிய கம்ப்யூட்டர் இருந்த இடங்களிலெல்லாம் பிறகு அதுவே வழக்கமானது. அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த நாள் போய் விடையை வாங்குவார்கள். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால் அடுத்த நாளும் போச்சு.

அட்டையில் எது எந்தப் பத்தியில் இருக்கிறது என்பதுதான் பொருள். ஏழாவது பத்தியில் இருக்கும் ஒன்றுக்கும் எட்டாவது பத்தியில் இருக்கும் ஒன்றுக்கும் அர்த்தம் வேறு. சித்தப்பாவின் அட்டையும் அப்படித்தான், முப்பதாவது ஓட்டை முப்பதாவது நூல். 1960-களில் ஐபிஎம் 360 கம்ப்யூட்டருக்கு வேலையை விவரித்துச் சொல்ல ஜேசிஎல் என்று ஒரு மொழி வந்தது. அட்டையின் முதல் இரண்டு பத்தியில் இரண்டு சாய்கோடு; அப்புறம் பெயர், அப்புறம் செயல், அப்புறம் 'இது=அது' என்று காற்புள்ளி போட்டு நீளும் ஒரு வால். இதை வெறுக்காத புரோகிராமரைப் பார்ப்பது கஷ்டம். இந்த வெறுப்பின் நினைவுச்சின்னம் ஒன்று இன்றும் எல்லா லினக்ஸிலும் இருக்கிறது: டிடி என்ற கட்டளை. அதற்கு மட்டும் கோடு கிடையாது, 'இது=அது' என்றுதான் சொல்ல வேண்டும். ஜேசிஎல்லில் இருந்த டிடி அட்டையைக் கிண்டல் செய்து வைத்ததென்று சொல்வார்கள்.

அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் கம்ப்யூட்டரோடு நேரே உட்கார்ந்து தட்டும் வசதி எம்ஐடியில் 1961-ல் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பாக வந்தது. அங்கே வேலை செய்த லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர்தான், நாம் தட்டும் வரியை வாங்கிப் பிரித்துச் சரியான புரோகிராமிடம் கொடுப்பதற்குத் தனியாக ஒன்று வேண்டும் என்று யோசித்து, அதற்கு ஷெல் என்று பெயர் வைத்தவர். அடுத்து வந்த மல்டிக்ஸில் கட்டளைக்குப் பின்னால் கோடு போட்ட சொற்கள் வந்துவிட்டன. முழுச் சொல்லாக இருக்கும். 1969-ல் பெல் லேப்ஸ் மல்டிக்ஸிலிருந்து விலகியது. அங்கிருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். கோட்டை எடுத்துக்கொண்டார்கள், சொல்லை ஓர் எழுத்தாகக் குறைத்துவிட்டார்கள்.

காரணத்தில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. அவர்கள் தட்டியது டெலிடைப் 33-இல். நொடிக்குப் பத்து எழுத்துதான் அதன் வேகம். ஒவ்வோர் எழுத்துக்கும் இரும்புச் சத்தம் போடும், விசையை அழுத்த விரலில் பலம் வேண்டும். அந்த மிஷினில் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் நீங்களும் சுருக்கித்தான் பேசுவீர்கள். 1971 நவம்பர் 3 என்று தேதி போட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டில் எல்எஸ் கட்டளை இருக்கிறது. கோப்புகளைப் பட்டியலிடுவது அதன் வேலை, ஆப்ஷன்கள் ஐந்து: எல், டி, ஏ, எஸ், இன்னொரு டி. நீளமாகக் காட்ட ஒன்று, நேர வரிசைக்கு ஒன்று, மறைந்திருப்பதையும் காட்ட ஒன்று, இப்படி. ஐம்பது வருஷம் தாண்டியும் அவை அதே பொருளில் ஓடுகின்றன. நம் ஊரில் கரை டிசைன் தவிர வேறு எதுவும் அவ்வளவு காலம் மாறாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் இதில் எனக்குப் புரியவே நாளான ஒன்று இருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கம்ப்யூட்டரில் எந்த அந்தஸ்தும் கிடையாது. நீங்கள் தட்டிய வரியை ஷெல் இடைவெளி பார்த்துத் துண்டு துண்டாக வெட்டும். நட்சத்திரக் குறி இருந்தால் அதைக் கோப்புப் பெயர்களாக விரிக்கும். பிறகு கெர்னலிடம் கொடுக்கும். கெர்னல் அந்தச் சொற்களைப் புதிய புரோகிராமின் நினைவகத்தில் அப்படியே நகலெடுத்து வைத்துவிட்டுப் போய்விடும். தபால்காரர் கவரைப் பிரிப்பதில்லையே, அதுபோல. எது ஆப்ஷன், எது கோப்பு என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. '-எம்' என்ற பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கலாம், அதுவும் சட்டப்படி சரியான பெயர்தான். (அப்படி ஒரு கோப்பை அழித்துப் பாருங்கள். முதல் தடவை அரை மணி நேரம் போகும்.) கோட்டுக்கு அர்த்தம் கொடுப்பது ஒவ்வொரு புரோகிராமும் தனித்தனியாகச் செய்கிற வேலை. அந்தப் புரோகிராமை எழுதியவருக்கும் தட்டுகிறவருக்கும் நடுவே, எங்கும் எழுதப்படாத ஒரு பேச்சு.

எழுதப்படாத பேச்சு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா. எழுபதுகள் முழுக்க ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்குச் செய்தார்கள். டார் கட்டளைக்குக் கோடே வேண்டாம். ஃபைண்டுக்கு இடம் முதலில், கோடு போட்ட முழுச் சொல் பின்னால். ஒன்றில் எண்ணை ஆப்ஷனோடு ஒட்டி எழுத வேண்டும், இன்னொன்றில் இடைவெளி விட வேண்டும். ஒன்றில் எழுத்துகளைச் சேர்த்து ஒரே கோட்டில் போடலாம், இன்னொன்றில் கூடாது. ஆளாளுக்கு ஒரு லூப், ஆளாளுக்கு ஒரு பழக்கம்.

1980 வாக்கில் ஏடி அண்டு டியில் இதற்கு ஒரு பொதுச் செயற்கூறு எழுதினார்கள். பெயர் கெட்ஆப்ட். எந்தெந்த எழுத்தை ஏற்கலாம் என்று ஒரு சின்னச் சரத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பின்னால் ஒரு மதிப்பு வரவேண்டிய எழுத்துக்கு அடுத்து முக்காற்புள்ளி. என் புரோகிராமுக்கு அது மொத்தமே மூன்று குறியில் முடிந்திருக்கும்: எச், முக்காற்புள்ளி, எம். கூப்பிடக் கூப்பிட ஓர் ஆப்ஷனாக எடுத்துக் கொடுக்கும். மதிப்பு இருந்தால் ஆப்டார்க் என்ற மாறியில் வைக்கும். வரிசையில் எதுவரை வந்திருக்கிறோம் என்பதை ஆப்டிண்ட் சொல்லும். தெரியாத எழுத்து வந்தால் தானே ஒரு பிழைச் செய்தியை எழுதிவிட்டுக் கேள்விக்குறி ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும். தெரியாததைப் பார்த்தால் சத்தம் போடுவது அதன் இயல்பிலேயே இருந்தது. போடாதே என்று சொன்னால்தான் அடங்கும்.

நல்ல செயற்கூறுதான், ஆனால் யூனிக்ஸின் மூல நிரல் உரிமம் வாங்கியவர்களிடம் மட்டும் இருந்தது. பேச்சுமொழியின் இலக்கணம் ஒரு வீட்டுப் பெட்டியில் பூட்டியிருந்தால் ஊர் எப்படி ஒரே மாதிரிப் பேசும்? வெளியில் இருந்தவர்கள் தாங்களே எழுதிக்கொண்டார்கள்; ஹென்றி ஸ்பென்சர் எழுதிப் பொதுவில் விட்ட கெட்ஆப்ட் அப்படி ஒன்று. 1985-ல் டல்லாஸில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் ஏடி அண்டு டி தன் கெட்ஆப்டின் மூலத்தையே எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியிட்டது. ஒவ்வொரு வரிக்கும் உரிமம் கேட்டுக்கொண்டிருந்த நிறுவனம் இதை மட்டும் ஏன் கொடுத்தது என்று யோசித்தால், என் கணிப்பு இதுதான்: வழக்கம் என்பது எல்லோரிடமும் இருந்தால்தான் வழக்கம். விற்றுச் சம்பாதிக்கிற பொருள் இல்லை அது.

சரி, கெட்ஆப்டைப் பயன்படுத்தியிருந்தால் அன்று என் சித்தப்பா தப்பித்திருப்பாரா? இந்தக் கேள்விக்கு எந்த ஊர் கெட்ஆப்ட் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

பழைய கெட்ஆப்டும் என் லூப்பைப் போலத்தான். கோடு இல்லாத முதல் சொல்லைக் கண்டதும் நின்றுவிடும். 1992-ல் வந்த போசிக்ஸ் தரமும் அதையே விதியாக்கியது: ஆப்ஷன்கள் எல்லாம் மற்றவற்றுக்கு முன்னால் வர வேண்டும், இரட்டைக் கோடு தனியாக வந்தால் ஆப்ஷன்கள் முடிந்தன என்று பொருள். '-எம்' என்ற பெயருள்ள கோப்பை அழிக்க வழி இந்த இரட்டைக் கோடுதான். விதி தெளிவானது, காரணமும் நியாயமானது. ஒரு கட்டளைக்குள் இன்னொரு கட்டளையைக் கொடுக்கும்போது, உள்ளே இருப்பதன் ஆப்ஷனை வெளியே இருப்பது பிடுங்கிக்கொள்ளக் கூடாதல்லவா.

ஸ்டால்மன் இதற்கு உடன்படவில்லை. போசிக்ஸ் என்ற பெயரைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான் என்பது இதில் ஒரு வேடிக்கை. அவருடைய க்னூ திட்டத்தின் கெட்ஆப்ட், வரிசை முழுவதையும் பார்க்கும். நடுவிலோ கடைசியிலோ ஆப்ஷன் கிடந்தால் அதை முன்னால் நகர்த்திக்கொள்ளும். ஆள் எப்படித் தட்டுகிறாரோ அதற்கு மிஷின் வளைந்து கொடுக்கட்டும் என்ற கட்சி. இல்லை, எனக்குத் தரத்தின்படியே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சூழல் மாறி வைத்தார்கள். அதற்கு முதலில் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'போசிக்ஸே, இன்னும் நல்லா போட்டு அமுக்கு' என்பது மாதிரி வரும். பிறகு நாகரிகமாக, போசிக்ஸ்படி சரி என்ற பொருளில் போசிக்ஸ்லி கரெக்ட் என்று மாற்றினார்கள். ஓர் எழுத்துக்குப் பதில் முழுச் சொல்லை இரட்டைக் கோடு போட்டு எழுதும் வழக்கம் பரவியதும் க்னூவால்தான். டெலிடைப்பின் இரும்புச் சத்தம் ஓய்ந்திருந்தது, நீளமாகப் பேச எல்லோருக்கும் வசதி வந்திருந்தது.

அந்த உபுண்டுவில் இருந்தது க்னூவின் கெட்ஆப்ட். அதைக் கூப்பிட்டிருந்தால் கோப்புக்குப் பின்னால் வந்த '-எம்' எடுபட்டிருக்கும், அன்னம் சரியாக வந்திருக்கும். அதே நிரலைத் தரத்தை அப்படியே பின்பற்றுகிற வேறோர் அமைப்பில் ஓட்டியிருந்தால் மறுபடியும் அதே கதைதான். எங்கள் தறி நின்ற அதே 2009-ன் நவம்பரில் கூகுள் கோ மொழியை வெளியிட்டது. உருவாக்கிய மூவரில் ஒருவர் அதே கென் தாம்சன். கோ மொழியின் ஃபிளாக் நூலகமும் கோடு இல்லாத முதல் சொல்லில் நின்றுவிடும். நாற்பது வருஷத்துப் பழக்கம் அவ்வளவு லேசில் போய்விடுமா.

எந்தக் கட்சி சரி என்பதில் எனக்கு ரொம்ப நாள் ஒரு முடிவும் இல்லை. இப்போது இருக்கிறது. முன்னால் தட்டினாலும் பின்னால் தட்டினாலும் பரவாயில்லை, எந்த விதியானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வந்த சொற்களில் ஒன்றுகூட எதற்கென்று தெரியாமல் மிச்சம் இருக்கக் கூடாது. மிச்சம் இருந்தால் வேலையைத் தொடங்கக் கூடாது. கெர்னிகனும் ரிட்சியும் லூப்புக்குக் கீழே எழுதியிருந்த அந்தச் சாதாரண வரி அதைத்தான் செய்கிறது.

தாத்தா உயிரோடு இருந்தவரை அடை இழுத்த கதையைச் சொல்வார். அப்பா தறியில் உட்கார்ந்து ஒன்று சொன்னால், இழுக்கிற பையன் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் இழுக்க வேண்டுமாம். சொல்லாமல் இழுத்தால் முதுகில் ஒன்று விழும். கோர்வைத் தறியில் இன்றும் இதைப் பார்க்கலாம். கரைக்கும் உடம்புக்கும் நிறம் வேறு என்பதால் மூன்று நாடா ஓடும். அந்தப் பக்கத்து நாடாவைப் பார்த்துக்கொள்ள இன்னோர் ஆள் உட்கார்ந்திருப்பார். எந்த நூல் எழும்ப வேண்டும் என்பதை அட்டை சொல்லும், எந்த நிறம் போக வேண்டும் என்பதை அட்டை சொல்லாது. அதை இரண்டு பேரும் வாயால்தான் தீர்த்துக்கொள்கிறார்கள். சித்தப்பாவும் ஆர்டர் கொடுக்க வருகிறவரை உட்காரவைத்து, அவர் சொன்னதையெல்லாம் திருப்பி ஒப்பிப்பார். "கரை அன்னம். ஹூக் இருநூத்தி நாப்பது. முகம் மேல. செரியா?" ஆள் "செரி" என்றால்தான் கிராஃப் தாளைத் தொடுவார். எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறேன். எரிச்சலாக இருக்கும். எனக்கும் என் புரோகிராமுக்கும் இதைச் சொல்லித் தர ஓர் ஆறு நாள் தேவைப்பட்டது.

ஊரில் இப்போது காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்று இருக்கிறது. கணியம் மாதிரி தமிழிலேயே இதையெல்லாம் எழுதும் இதழ்களும் வந்துவிட்டன. 2009-ல் என் கையில் இருந்தது ஒரு புத்தகமும் அதிலிருந்து பாதி உருவிய ஒரு வரியும்தான். தறிகள் அன்று இருந்ததில் எத்தனை மிச்சம் என்று பிள்ளையார்பாளையத்தில் சாயங்காலம் நடந்து போனாலே காதுக்குத் தெரியும். டிசைன் வேலை பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் சென்டர்களுக்குப் போய்விட்டது. அங்கே அட்டையை மிஷினே குத்தித் தந்துவிடுகிறது. சித்தப்பாவிடம் வருவது பழைய கரைகளைப் பழுது பார்க்கும் வேலை: கிழிந்த அட்டை, எண் அழிந்த அட்டை, நடுவில் நாலு தொலைந்துபோன மாலை. அந்த நெசவாளி இப்போது தறியில் இல்லை, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலைக்குப் போகிறார். எங்களைப் பார்த்தால் "இன்னா தம்பி, மேல்மொகமா கீழ்மொகமா" என்று கேட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அந்தப் புரோகிராம் மட்டும் இன்னும் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மாற்றி எழுதிவிட்டேன். கெட்ஆப்ட் போட்டாயிற்று, ஆப்ஷன் எங்கே கிடந்தாலும் எடுத்துக்கொள்ளும், மிச்சம் ஏதாவது இருந்தால் நின்றுவிடும். அச்சடிப்பதற்கு முன்னால் ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டுக் காத்திருக்கும். எத்தனை ஹூக், எந்த முகம், எத்தனை அட்டை, சரியா? சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை வாய்விட்டுப் படிப்பார். படித்துவிட்டு, அறையில் யாரும் இல்லாவிட்டாலும், "செரி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் விசையை அழுத்துவார். அவர் மகன் இன்னும் கோப்பின் பெயரைத்தான் முதலில் தட்டுகிறான்.